தொம்மையின் தலைக்காவல் கரைக்கு வந்த கோடை

தொம்மையின் தலையைக் காத்துவந்த ஆட்கள் அவருடைய இடது காது வழியாக வெளியே இறங்கி வந்த மத்தியானத்தில், பிலோமி வீட்டு முன்னால் சாக்கை விரித்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் புன்னைமணல் ஊரிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை, படகுகள் எல்லாம் மணலில் ஏறி நின்று வெயில் காய்ந்தன, ஆண்களும் பெண்களும் பூவரச மர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டும் இருந்தார்கள், அவள் புருஷன் தொம்மை மட்டும் கட்டிலில் சாய்த்து வைத்த இடத்தில் சாய்த்து வைத்தபடியே இருந்தார். முதலில் ஒன்றுதான் வந்தது. பொடி இறால் அளவு இருக்கும், நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை, கையும் காலும் தெரியாத உருண்டை. காது மடலில் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது, பின்னால் நின்றவர்கள் தள்ளினார்களோ என்னவோ தோளில் விழுந்தது, பனியனைப் பிடித்து இறங்கி, கட்டில் காலில் சறுக்கி, புளியை நோக்கி வந்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் எண்ணி மாளாத ஒரு கூட்டம்.

"புளியில ஏறிராதீய, அங்கிட்டு சுத்திப் போங்க" என்றாள் பிலோமி.

அவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் காற்றில் படகு கவிழ்ந்து, கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்து கரைசேர்ந்த மனுஷன் தொம்மை. வந்து கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள் கோயிலில் பூசை நேரத்தில் அவர் வலது கை செபமாலை இல்லாமலே செபமாலை உருட்ட ஆரம்பித்தது, பக்தி கூடிவிட்டது என்று ஊரே மெச்சிக்கொண்டது, பூசை முடிந்தும் கை நிற்காதபோதுதான் பிலோமி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் எட்டு வைப்பது சுருங்கியது, குரல் சுருங்கியது, முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது, கடைசியில் வாசற்படிக்கு வந்தால் போதும், கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நிற்பார், பிலோமி வந்து முழங்கையைப் பிடித்து அசைத்து எடுத்துவிட வேண்டும். அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஒட்டாத நேரத்திலும் பிடித்துக்கொண்டாள், பிடித்தது பிடித்தபடி வருஷங்கள் போயின. தொம்மைக்கு மூணு கை, அதுல ஒண்ணு வளையல் போட்ட கை என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையான பெண், ஒரு தாளில் நரம்பு படம் போட்டுக்கூடக் காட்டினாள். "மூளைக்குள்ள காவலுக்குன்னே கொஞ்சம் செல்லுங்க இருக்கும்மா. மெல்லிசாக் கை கையா நீட்டி ஒவ்வொரு நரம்பையும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். ரொம்பக் கத்துற நரம்ப அமத்தும், வேண்டாத இணைப்பக் கத்தரிக்கும், குப்பையத் தின்னும். நாம நடக்குறது, கை வீசுறதெல்லாம் அந்த நரம்புங்க ஒழுங்காப் பேசிக்கிறதால. காவலுக்கு நிக்கிற செல்லுங்க பயந்துபோச்சுன்னா கையெல்லாம் உள்ள இழுத்து உருண்டையாயிரும், நல்ல நரம்பையும் சேத்துக் கடிக்கும். இவருக்கு மொதல்ல நரம்பு கெட்டுதா காவல் கெட்டுதான்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது." அவள் சொன்னதில் பிலோமி பயந்துபோச்சு என்ற ஒரு சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பயந்துபோனவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆகவே தன் புளியைச் சுற்றிக்கொண்டு உருண்டு போகிறவர்களைப் பார்த்ததும், ஐயோ பாவம், கை ஒன்றுகூட வெளியே இல்லையே என்றுதான் நினைத்தாள்.

அவர்கள் நேராகப் பூவரச மர நிழலுக்குப் போனார்கள். அங்கே கஸ்பாரின் நண்டு வலை மலைபோலக் கிடந்தது. கஸ்பார் ஊரில் பெரிய படகுக்காரர், அவர் வலைதான் ஊரில் பெரிய கிழிசல். கிழிந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பது அவர்கள் சுபாவம் போலிருக்கிறது, ஒரு கிழிசலைச் சுற்றிப் பத்துப் பேர் கூடினார்கள், செத்த முடிச்சைக் கடித்து எறிந்தார்கள், காய்ந்துபோன நண்டுக்காலையும் பாசியையும் தின்றார்கள், அறுந்த கண்ணியை இழுத்துச் சேர்த்தார்கள், பிறகு அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தார்கள். வேலை செய்யச் செய்ய அவர்கள் பயம் தெளிந்தது. உருண்டையிலிருந்து ஒரு கை எட்டிப் பார்த்தது, அந்தக் கை இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் நாலாயிற்று, நூலைவிட மெல்லிய கைகள் நீண்டு நீண்டு வலையின் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டன, தொட்டு விட்டன, தொட்டு விட்டன. கஸ்பார் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "யாரு ஆளுவல இது, நம்மளவிடச் சுத்தமா பொத்துதாவ" என்றார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வதுபோலத்தான், முதல் நாள் கூட்டம், இரண்டாம் நாள் சண்டை, மூன்றாம் நாள் பழக்கம். பங்குச்சாமி வில்பிரட் தீர்த்தச் செம்போடு வந்தார், குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார், செம்பைக் கூட வந்த கோயில்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார். "பேயா இருந்தா இந்நேரம் ஓடியிருக்கும், வானத்துச் சம்மனசா இருந்தாப் பாடியிருக்கும். இதுக ரெண்டும் செய்யல, வேலை செய்யுதுக. வேலை செய்யுறவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் நிழலில் உட்கார்ந்துகொண்டார். வலைக்கு வந்த கைக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது அந்தக் கரையில் வழக்கமில்லை, அதனால் பெண்கள் சிரட்டை சிரட்டையாகக் காப்பி ஆற்றி மணலில் வைத்தார்கள், அவர்கள் குடித்தார்களா ஆவியை மட்டும் தொட்டார்களா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஊர் அவர்களுக்குத் தொம்மை ஆளுவ என்று பெயர் வைத்தது. வயசுப் பையன்கள் இதுமாதிரி ஆட்கள் நம் தலையிலும் இருப்பார்கள் என்று காதில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் விழவில்லை. உங்க தலையில காவலுக்கு என்னல இருக்கு என்று அவர்கள் அம்மாக்கள் கேட்டார்கள்.

இந்தக் கூத்தில் தொம்மையை எல்லோரும் மறந்திருந்தார்கள், பிலோமியைத் தவிர. அந்த முதல் நாள் சாயங்காலம் அவள் புளியை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய்த் திரும்பினாள். தொம்மை வாசற்படியில் நின்றார், ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார், மறு காலையும் வைத்தார், திரும்பினார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார், தன் வீட்டு வாசலைத் தாண்டுவதைத் தவிர உலகத்தில் வேறு சுகமில்லை என்பதுபோலத் தாண்டித் தாண்டி வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. பிலோமி புளியைப் போட்டுவிட்டு அழுதாள். அவர் வந்து அவள் கண்ணைத் துடைத்தார், துடைத்த கை நடுங்கவில்லை.

அதன்பின் வந்த நாட்களை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். தொம்மை தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார், தங்கச்சி சேசம்மா வீட்டு ஞானஸ்நான விருந்தில் ஆடினார், ஆடினவர் பிலோமியையும் இழுத்து நடுவில் விட்டார், கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி வெட்கப்பட்டதில்லை. "மைனி, அண்ணனுக்கு இப்பதான் இருபது வயசு, நீங்க பாத்து நடந்துக்கிடுங்க" என்று சேசம்மா கண்ணடித்தாள். பிலோமிக்கு வளையல் போட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, பிடிக்க ஒன்றும் இல்லாமல் அது இடுப்பிலும் கதவிலும் அலைந்தது.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் தொம்மை ஆளுவ வேலையெல்லாம் முடித்துவிட்டு வரிசையாக வந்து தொம்மை சாய்ந்திருந்த கட்டில் காலடியில் நின்றார்கள். அண்ணாந்து அவர் காதைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது என்று பார்த்ததுமே புரிந்தது. மறுபடி அந்தக் கல்லுப் புருஷனா, மறுபடி அந்த வாசற்படியா என்று பிலோமி நினைத்தாள், நினைத்து முடிக்குமுன் வெங்காயம் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கோழி அடைக்கக் கட்டியிருந்த பழைய வலையில் சரக்கென்று ஒரு கிழி கிழித்தாள். கிழிந்த இடத்தின் வலி அவர்களுக்கு எப்படியோ கேட்டது. வரிசை திரும்பியது, அத்தனை பேரும் கோழி வலைக்கு ஓடினார்கள். அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சோறு வடித்தாள்.

அவளுக்கு மட்டும்தான் அந்த யோசனை வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கிழிசல் தீர்ந்தால் ஆளுவ பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது, வந்த விருந்தாளியைச் சும்மா உட்காரவைப்பதும் மரியாதையில்லை என்று இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது, ஆகவே கஸ்பார் தன் வலையில் ஓரமாக நாலு கண்ணி அறுத்தார், சேசம்மா இரண்டு அறுத்தாள், ஊரே ஒருவருக்கொருவர் தெரியாமல் தன் தன் வலையைத் தானே அறுத்து வைத்தது. மீன்பிடித் தடையில் வலை பொத்துவது எல்லாக் கரையிலும் நடக்கிற காரியம், அறுத்துவைத்த ஊர் புன்னைமணல் ஒன்றுதான்.

தொம்மை நிற்காமல் போனது அதற்குப் பிறகுதான். முதலில் நடை ஓட்டமாயிற்று. கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் சுவரில் எறிந்தது, தோள் தானாகக் குலுங்கியது, படுத்தாலும் கால்கள் படுக்கவில்லை, விடியற்காலையில் கரையில் ஓட ஆரம்பித்தால் வெயில் ஏறியும் ஓடினார். தலைக்குள் கத்துகிற நரம்பை அமத்த ஒரு ஆள் இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின, கத்தினதையெல்லாம் உடம்பு செய்தது. ஊர் ஆண்கள் கூடிப் பிடித்துப் பார்த்தார்கள், பிடிக்கப் பிடிக்கத் திமிறினார். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, எலும்பும் தோலுமாக அவளைக் கடந்து ஓடும்போது, "பிலோமி, என்ன நிப்பாட்டுட்டி, நிப்பாட்டுட்டி" என்று கெஞ்சினார், கெஞ்சி முடிக்குமுன் கால் அவரை அங்கிட்டுக் கொண்டுபோயிற்று.

அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள், கத்தியையும் சொன்னாள். டாக்டரம்மா முழுக்கக் கேட்டாள். கடைசியில், "மாத்திர சொல்லுறேன், குடுத்துப் பாருங்க. ஆனா ஒண்ணும்மா, அதுகளப் பயமுறுத்தாம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பிலோமி நேராகப் பூவரச மரத்தடிக்குப் போனாள். எல்லோரும் இருந்தார்கள். "நாந்தான் மொதல்ல அறுத்தேன்" என்றாள். "ஆளுவ வீட்டுக்குப் போக வந்து நின்னாவ. எம் புருசன் மறுபடி மரமாயிருவாவன்னு நான் கோழி வலைய அறுத்துவிட்டேன். நீங்களும் அறுத்திருக்கீய, எனக்குத் தெரியும். இனி எல்லாத்தையும் நாமளே பொத்தணும். ஒரு கண்ணி கிழிஞ்சு கெடந்தாலும் ஆளுவ போகமாட்டாவ."

கஸ்பார் தலையைச் சொறிந்துகொண்டு, "மைனி, பொத்துறது ஒண்ணும் பெருசில்ல. ஆளுவ உள்ள போயி மறுபடியும் பயந்து உருண்டுகிட்டா? அண்ணன் பழையபடி கட்டிலோட கெடந்தா, பொறவு எங்களச் சொல்லக் கூடாது" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், அதுதான் அவளுடைய பயமும்.

"தெரியும் கஸ்பாரு" என்றாள். "அப்ப எம் புருசன் நெனச்சாவ, காலு போகல. இப்பக் காலு போகுது, அவிய நெனக்கல. அவிய அந்த உடம்புக்குள்ள இல்லவே இல்ல, அத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. கல்லா இருந்தாலும் அவியளா இருக்கட்டும்."

சேசம்மாதான் முதலில் வலையை மடியில் இழுத்தாள். அப்புறம் கஸ்பார், அப்புறம் கஸ்பாரின் பெண்டாட்டி, அப்புறம் தெருத்தெருவாக வந்து சேர்ந்தார்கள்; வில்பிரட் சாமி அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அவர் போட்ட முடிச்சை அவர் பார்க்காதபோது அவிழ்த்து இன்னொருத்தி போட்டாள். தானே அறுத்த இடம் அவரவருக்குத் தெரியும், ஆகவே தேடுகிற வேலை இல்லை. கஸ்பார் வலை முடிந்தது, சேசம்மா வலை முடிந்தது, ஐஸ்பெட்டி மூடுகிற வலை, கொடுக்காப்புளி மரத்தில் பந்து விளையாடக் கட்டிய வலை, எல்லாம் முடிந்தது, கோழி வலையைப் பிலோமி தன் கையால் பொத்தினாள். தொம்மை ஆளுவ தங்கள் நீண்ட கைகளை ஊர் வலை முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள், முடிச்சு முடிச்சாகத் தொட்டார்கள், எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த தொம்மையின் பக்கம் திரும்பினார்கள், ஊரிலேயே பெரிய கிழிசல் அங்கேதான் இருந்தது.

ஓடுகிற மனுஷன்மேல் எப்படி ஏறுவது? மணலில் அவர்கள் வந்து சேருமுன் அவர் கால் அங்கே இல்லை. அப்போது பிலோமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையோரத்தில் இறங்கி நின்றாள், அவர்கள் அவள் பாதத்தில் ஏறினார்கள், கொசுவத்தில் ஏறினார்கள், இடுப்பைச் சுற்றித் தோளுக்கு வந்து, வளையல் போட்ட கை நெடுகிலும் வரிசையாக நின்றார்கள். தொம்மை வந்தார். அவளும் கூடவே ஓடினாள். அவளுடைய கை பழக்கத்தில் அவர் முழங்கையைப் போய் இறுக்கப் பிடித்தது, பிடித்த உடனே தோளில் நின்றவர்கள் கையெல்லாம் உள்ளே இழுத்து உருண்டுகொண்டார்கள், அவள் அதைப் பார்த்தாள், இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்துப் பிடித்து என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அந்த இடத்தில் அவளுக்குப் புரிந்தது. விட்டுவிட்டாள். விழுந்தால் விழட்டும் என்று விட்டாள். பிறகு மெதுவாகத் தொட்டாள், விட்டாள். தொட்ட நேரத்தில் இரண்டு பேர் அவள் விரலிலிருந்து அவர் கைக்குத் தாண்டினார்கள். மறுபடி தொட்டாள், விட்டாள், நாலு பேர் தாண்டினார்கள். வயசான பொம்பளை, மூச்சு முட்டுகிறது, காலில் கிளிஞ்சல் குத்துகிறது, ஊர் மொத்தமும் கரையில் நின்று பார்க்கிறது, அவள் தொட்டாள், விட்டாள், தொட்டாள், விட்டாள், உருண்டுபோனவர்கள் மறுபடியும் கை நீட்டினார்கள், நீட்டிய கையோடு புருஷனின் தோளில் ஏறினார்கள், கழுத்தில் ஏறினார்கள், காது மடலைப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முதலில் அவர் தோள் அமர்ந்தது. பிறகு கை அமர்ந்தது. ஓட்டம் நடையாயிற்று, நடை ஒரு மனுஷனின் நடையாயிற்று.

கடைசி ஆளும் உள்ளே போனபோது பிலோமிக்கு இதற்குமேல் ஓட உடம்பில் ஒன்றுமில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பின்தங்கினாள். தொம்மை முன்னால் போய்க்கொண்டிருந்தார், ஈர மணலில் அவர் பாதம் அகலமாக விழுந்துகொண்டே போயிற்று, பழைய நாளில் படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் அதே நடை, அவள் மூச்சு வாங்கிக்கொண்டே அதைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்கப் போதவில்லை.

அப்போது தொம்மை நின்றார்.

இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கடலைப் பார்த்தபடி, அசையாமல் நின்றார். சேசம்மா கண்ணை மூடிக்கொண்டாள், கஸ்பார் வேறு பக்கம் பார்த்தார். பிலோமியின் கை தானாக உயர்ந்தது, எட்டாத தூரத்தில் அவர் இருந்தார், போச்சே என்று நினைத்தாள். இருந்தாலும் அவள் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஏங்க, காலு ஒட்டிக்கிட்டா?"

தொம்மை திரும்பினார். வலது கை லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லட்டி" என்றார். "நீ பின்னால வந்துகிட்டு இருக்க. அதான் நின்னேன்."